ஷெரீப் படத்தின் இரண்டாம் பாகம்

என் பிரியமுள்ள அப்பா,

நம் ஷெரீப் படத்தின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. நேற்று லீவு. நீங்கள் வேலை பார்த்த அதே மாலில், அதே தியேட்டரில், தனியாகப் போய்ப் பார்த்தேன்.

முதல் பாகம் வந்தபோது நான் நாகர்கோவிலில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். நம் வீட்டில் முதல்முதலாகக் காலேஜுக்குப் போனவள். நீங்கள் துபாயில் செக்யூரிட்டி. படம் முடியப்போகும் நேரத்தில் உள்ளே போய், வெளியே போகும் கதவைத் திறந்துபிடித்து நிற்க வேண்டும். "எல்லாப் படத்துக்கும் எனக்கு முடிவு தெரியும் மக்களே, தொடக்கந்தான் ஒண்ணுக்கும் தெரியாது" என்று போனில் என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்த ஷெரீப், அந்த அமெரிக்க ஊர்ப் போலீஸ்காரர், கடைசியில் ஏன் ஊரைவிட்டுக் குதிரையில் தனியாகப் போகிறார்? தினமும் பார்த்தும் உங்களுக்கு விளங்கவில்லை. தோழியின் லேப்டாப்பில் பார்த்துவிட்டு நான் முதலிலிருந்து கதை சொன்னேன்.

"அப்பிடியா சங்கதி! பாவம்லா அவன். ரெண்டாம் பாகம் வந்தா யூனிபார்மைக் கழத்திப் போட்டுட்டு, உங்கூட சீட்டுல இருந்து முழுசாப் பாக்கணும். சீக்கிரம் படிச்சு முடிச்சிட்டு இங்க வா."

வந்தேன் அப்பா. நீங்கள் சவப்பெட்டியில் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் என்னால் இங்கே வேலைக்கு வர முடிந்தது.

இந்த இரண்டாம் பாகத்தில் ஷெரீப்புக்குக் கை நடுங்குகிறது. வயதாகிவிட்டது, பேட்ஜைக் கொடுத்துவிடு என்கிறார்கள். கொடுக்கும் முன் அதைச் சட்டையில் துடைக்கிறார். வயதைக் காட்டி விசாவைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிடுவார்களோ என்று நீங்கள் தலைக்கு மை அடித்துக்கொண்டிருந்தீர்களே. உங்கள் சாமான்களோடு வந்த தொப்பியின் உள்பக்கமெல்லாம் அந்தக் கறுப்பு. அம்மா அதை இன்னும் துவைக்கவில்லை. அவ்வளவு பயமா அப்பா? யாரிடமாவது சொன்னீர்களா?

அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். கதவருகே உங்கள் இடத்தில் வேறொருவர். முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுகொண்டார்.

"இன்னும் முடியலியே பாப்பா. கடைசிதான் நல்லா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்தக் கிழவன் எதுக்கு அழுகான்? முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். மாலின் வெளிச்சத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

அடுத்த லீவில் போய் அவருக்குத் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் முடிவை மட்டும் அவரிடம் கேட்க மாட்டேன், அப்பா. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஜெனிபா