சின்னப் பையில் வந்தவை

மாரண்டஹள்ளி,
வியாழக்கிழமை மாலை.

அன்பு மகள் பூவிழிக்கு,

அம்மா எழுதுவது. இதைப் படித்து முடித்ததும் மடித்து, கொண்டுவந்த சசிகலாவிடமே கொடுத்துவிடு. உன் பையில் வைக்காதே. போனிலும் இதைப் பற்றிப் பேசாதே. உன் போனை மாப்பிள்ளை எடுத்துப் பார்ப்பார் என்பது இன்றுதான் என் புத்தியில் ஏறியது. மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் நீ என்னிடம் பேசுவதில்லை என்று இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். வழக்கம்போல மரியாதை. “நல்லா இருக்கீங்களா அத்தை, அங்க மழை பெஞ்சுதுங்களா?” என்று கேட்டார். பிறகு, “பாப்பாவோட பர்த் சர்டிபிகேட்ட பூவிழி எங்கியோ வெச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்குது. அங்க ஏதாச்சும் குடுத்துதுங்களா?” என்றார். நான் பொய் சொல்லிப் பழகாதவள். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும். இங்கேதான் பச்சை ஃபைலில் இருக்கிறது, உன் படிப்புச் சான்றிதழ்கள்கூட எல்லாமே என்னிடம்தான் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “எல்லாமேங்களா? சரிங்க அத்தை. அதுகிட்டச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம நானே வந்து எடுத்துக்கறேன்” என்றார்.

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. காணோம் என்று தேடுகிறவளிடம், கிடைத்துவிட்டது என்று ஏன் சொல்லக் கூடாது?

பொங்கலிலிருந்து நீ வந்த ஐந்து தடவையும் தோளில் ஒரு சின்னப் பைதான். நான் பூரித்துப் போனேன். சேலம் கான்வென்ட் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுபோன கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். மற்ற பிள்ளைகள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரு துணிப்பையோடு இறங்கி, ஏற்றத்தில் நடந்து, மேலே வேறு பஸ் பிடித்து, விளக்கு வைப்பதற்குள் வீடு சேர்ந்துவிட்டேன். பதின்மூன்று வயதில் கையில் கனமில்லாமல், யாரையும் எதிர்பார்க்காமல் நடந்த அந்தச் சுகத்தை அப்புறம் நான் அனுபவித்ததே இல்லை. உன் அப்பா இருந்தவரை, பாலக்கோட்டுக்குப் போனாலும் தலையணையும் கூஜாவும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். நீயாவது என்னைப்போல இருக்கிறாய் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக் குள்ளம்மாள், “என்னாங்கம்மா, உங்க மக கைய வீசிக்கிட்டே வருது, ஒரு சீப்பு வாழப்பழம் கூட வாங்கியாராதுங்களா?” என்று இடித்தாள். “எம்மக என்ன பொதி சொமக்கற கழுதையா?” என்று நான் பதிலுக்குக் கேட்டுவிட்டு வந்தேன்.

வரும்போது உன் பை புடைத்திருக்கும். போகும்போது தட்டையாக இருக்கும். ஊரில் எல்லோருடைய குறையும் கண்ணில் படுகிற எனக்கு இது படவில்லை. பெரிய பையாக இருந்தால் மாப்பிள்ளை திறந்து பார்ப்பார், அதுதானே?

இன்று காலை மறுபடியும் போன். “அத்தை, ஃபைல எந்த பீரோல வெச்சிருக்கீங்க, பெருசுலயா சின்னதுலயா?” என்றார். சாவியைக் காணோம் மாப்பிள்ளை என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எழுபத்து மூன்று வயதில் வாய் கூசாமல் பொய் சொன்னேன். “பரவால்லீங்க அத்தை, ஒடச்சுக்கலாம்” என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தெருவில் கார் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. மேலே மை தீற்றியிருப்பதைப் பொறுத்துக்கொள்.

மதியம் கதவைத் தாழிட்டு பீரோவைத் திறந்தேன். அங்கே இடம் இல்லை, இங்கே இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் நீ தந்ததைக் கட்டிலில் பரப்பினேன். உன் பி.எட். சான்றிதழ். குழந்தையின் தடுப்பூசி அட்டை. பாஸ்புக். கைக்குட்டையில் முடிந்த இரண்டு வளையல். குழந்தைக்கு இரண்டு கவுன், ஒரு ஸ்வெட்டர். இப்போது போடுகிற அளவு இல்லை, அடுத்த வருஷத்துக்கு ஆகும் அளவு. அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் எக்ஸ்ரே. போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்ன கை. பார்த்து நடக்கத் தெரியாதா என்று திட்டினேன். உறைக்குள் டாக்டர் ஆங்கிலத்தில் கிறுக்கிய சீட்டு இருந்தது. கை முறுக்கப்பட்டதால் ஏற்பட்ட முறிவு என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிகிற அளவுக்கு என்னைப் படிக்கவைத்தார்கள். உன் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சமையலறையில் நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். கட்டிக்கொடுத்த பெண் யாரும் நம் வீட்டில் திரும்பி வந்ததில்லை என்றேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதற்குப் பிறகு நீ சொல்வதை விட்டுவிட்டாய். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாய். நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள் என்று யாருக்கும் நான் எழுதியதில்லை, உனக்கு எழுதுகிறேன்.

முழுப்பரீட்சை முடிந்ததும் அங்கிருந்து கிளம்பலாம் என்று நீ காத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். இனி காத்திருக்க முடியாது. என்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் என்றுதான் எழுதுகிறேன், வேறு மாதிரி எழுத வரவில்லை. உன்னிடம் ஒன்றும் கேட்காமல் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறானே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் ஊர் சசிகலா தினமும் இங்கிருந்து போய் உன் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்ப்பது நம் நல்ல காலம். வெள்ளிக்கிழமை முதல் மணிக்கு முன் இது உன் கையில் இருக்கும். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவள் வகுப்பிலிருந்து கூட்டிக்கொள். சசிகலாவும் அரைநாள் விடுப்புப் போட்டு உன்னோடு பஸ் ஏறுவாள். நாலு மணிக்கு அவன் வண்டியோடு வாசலில் நிற்பதற்குள் நீங்கள் ஓசூரைத் தாண்டியிருக்க வேண்டும். போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு வா.

இங்கே வர வேண்டாம். அவன் முதலில் இங்கேதான் வருவான். ராயக்கோட்டையில் இறங்கு. உன் மாமா கிருஷ்ணப்பனிடம் சொல்லிவிட்டேன். அவன், “நீ ஒண்ணும் பேசாத அக்கா, காரு எடுத்துக்கிட்டு வர்றேன்” என்று மட்டும் சொன்னான். காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் வந்துவிடுகிறேன். தர்மபுரியில் உன் மாமா வீட்டில் இருப்போம். சனிக்கிழமை ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறான்.

மிச்சம் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்று மட்டும் வீட்டுக்குப் போகாதே. பட்டுப்புடவை, குக்கர், குழந்தையின் சைக்கிள் எதுவும் வேண்டாம். நான் உனக்குக் கொடுத்த என் கல்யாணப் படம்கூட அங்கேயே கிடக்கட்டும். குழந்தை பொம்மைக்கு அழுதாலும் திரும்பாதே.

ராயக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு மணியிலிருந்து நிற்பேன். முதல் பஸ்ஸில் நீ இல்லையென்றால் அடுத்ததற்கும் நிற்பேன், அதற்கடுத்ததற்கும் நிற்பேன். இறங்கியதும் எனக்கு எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம்.

உனக்குக் கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் தீர்க்க சுமங்கலியாக இரு என்று எழுதித்தான் முடிப்பேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை. நீ நீண்ட நாள் உயிரோடு இரு, கண்ணு. அது போதும்.

உன் அம்மா,
மாதம்மாள்