சாட்டிம்புக்கு முந்தின பஸ்

6-5-98
ஆட்டோவில் இன்று சேலத்துக்காரர்கள். கோவிந்தராஜர் கோபுரத்தைக் காட்டினேன். மலைமேல் இருக்கிற தம்பி பெருமாளின் காசை அளந்து அளந்து களைத்துப்போய், மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்த அண்ணன் என்றேன். "எங்க ஊட்டுல நான்தான் அவரு, மரக்கால் மட்டும் இல்ல" என்றும் சேர்த்தேன். சிரித்தார்கள்.
வீட்டுக்கு வந்தால் ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருக்கிறான். என் பெண்டாட்டி சுலோசனாவுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. சமையல் வேலை, இரண்டு வருஷம். பதினைந்தாம் தேதி மெட்ராஸில் விமானம். மகள் காவ்யா நர்ஸ் படிக்க வேண்டுமே.

9-5-98
நாள் இடிக்கிறது. செவ்வாய் இரவு கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டிம்பு. பறையடித்துச் சாட்டிவிட்டால், ஊருக்குள் இருக்கிறவர்கள் ஜாத்திரை முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. அதற்கு முன்பே வெளியே போயிருந்தால் கட்டு இல்லை. அதனால் அன்று சாயந்திரமே சுலோசனா நாராயணவனத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். எனக்கு ஜாத்திரையில் தினம் ஒரு வேஷம் போடுகிற வேண்டுதல். வழியனுப்பக்கூட மெட்ராஸ் போக முடியாது.
"பெருமாளு கல்யாணம் பண்ணிக்கின ஊருக்குப் போய் என்ன உட்டுட்டுப் போறியே" என்றேன்.
"பண்ணிக்கினு? அவரு மலைமேல, அம்மா திருச்சானூர்ல. நல்லாத்தானே கீறாங்க!"
என் கதையை எனக்கே திருப்பிவிட்டாள்.

12-5-98
பஸ் ஸ்டாண்டுக்கு நேர் ரோடு இருக்கிறது. நான் சுலோசனாவை ஏற்றிக்கொண்டு கபிலதீர்த்தம் வழியாகச் சுற்றிப் போனேன். அருவியைப் பார் என்றேன். மே மாதத்தில் ஏது அருவி? வெறும் பாறை. பிறகு கங்கம்மா கோயில் வாசலில் நிறுத்தினேன். பெண்களைச் சீரழித்த பாளையக்காரன், ஒளிந்துகொண்ட அவனைத் தேடி அம்மா போட்ட வேஷங்கள் — இழுத்து இழுத்துச் சொன்னேன். கடைசி பஸ் போய்விட்டால்? பறை அடித்துவிட்டால்? பழி அம்மா மேல். நான் நல்லவன்.
சுலோசனா சிரிக்கவில்லை. "யோவ், அவன் செத்ததோட நிறுத்து. மாதங்கி கதய நான் வந்தப்புறம் சொல்லு. வண்டிய எடு."
எடுத்தேன். நகர்ந்த பஸ்ஸை அவளே கைகாட்டி நிறுத்தி ஏறினாள்.

15-5-98
தோட்டி வேஷம். உடம்பெல்லாம் கரி. வானத்தில் ஒரு விமானம். அதுவாக இருக்காது. இருந்தாலும் வேப்பிலையை ஆட்டினேன்.

17-5-98
மாதங்கி. நேற்று துரையாக வந்து பாளையக்காரன் தலையை எடுத்த அம்மா, இன்று மாதங்கியாக அவன் பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்லப் போகிற நாள். சுலோசனாவின் பச்சைப் புடவையைக் கட்டினேன். தெரு முழுக்க மீசையும் புடவையுமாக மிதந்துகொண்டிருந்தது. எல்லாம் கனவு போல.
குவைத்திலிருந்து போன் என்று டெலிபோன் பூத்தில் கூப்பிட்டார்கள்.
"வந்து சேந்துட்டேன். சோறு துன்னியா? இன்னிக்கு இன்னா வேஷம்?"
"மாதங்கி. உன் பச்சப் புடவ."
"கிழிச்சிடாத."
ஆறுதல் சொல்ல வேண்டியவளே அழலாமா? மை எல்லாம் கன்னத்தில்.

9-5-2000
இன்று சாட்டிம்பு. இரண்டு வருஷம் முடிந்து விமானத்தில் வந்திறங்கி நாராயணவனத்தில் தங்கியிருந்த சுலோசனா, தங்கச்சி தடுத்தும் கேட்காமல் மத்தியான பஸ்ஸில் வந்துவிட்டாள். "பற அடிக்கறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துடணும்னு ஓடியாந்தேன். இந்த தபா நானும் கட்டுக்குள்ள." இளைத்திருக்கிறாள்.
நேர் ரோட்டில் திருப்பினேன். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.
"கபிலதீர்த்தம் வழியா போய்யா. மாதங்கி கத பாக்கி கீது."