பொழுது சாய்ந்தபின் தண்ணீர்

14 ஜூலை 1964, செவ்வாய். மாயாபந்தர், அந்தமான்.

போன வாரம் முழுக்க மாமனார், கப்பல் வந்துவிட்டது என்று சொல்லி டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். மெயின்லேண்ட் ஏக்கம் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். என் வீட்டுக்காரர் டிக்கெட்டுக்குப் பெயர்கூடக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாமாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரைக் கூப்பிட்டோம்.

"பேஷாப், மூத்திரம் டீக்கா, சரியா போகுதா? தண்ணி எவ்ளோ குடிக்கிறாரு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மாமா ராத்திரியில் நனைத்துவிடும் படுக்கைவிரிப்பைத் துவைத்தால், இந்த மழையில் மூன்று நாளானாலும் காய்வதில்லை. அதனால் பொழுது சாய்ந்ததும் மாமாவின் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒளித்துவைத்தவள் நான்தான். பகலிலும், அப்புறம் குடிக்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். மூத்திர நாற்றம் கூடியபோது முகம் சுளித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

"மூத்திரத்துல சீக்கு இருக்கும்போல, பெஹன்ஜி. வயசானவங்களுக்கு அது புத்தியையே கலக்கிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் ஊசி போட்டார், தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார்.

இன்று மாமா தெளிந்துவிட்டார். "இந்தப் பெட்டிய யாரும்மா அடுக்கினது?" என்று என்னையே கேட்டார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, ஆறிய வெந்நீரைச் செம்பு நிறையக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இருட்டிடுச்சேம்மா. குடிக்கலாமா?"