இலை இல்லாத செடி

ஐப்பசி 20, வியாழன்.

மகள் நாளை கல்லூரியில் நடக்கும் கண்காட்சிக்காகக் கம்பியிலும் களிமண்ணிலும் குக்சோனியா என்று ஒரு செடி செய்து வைத்திருந்தாள். எந்தக் காலத்திலோ அழிந்துபோய், பாறையில் அச்சாக மட்டும் இருக்கிற செடியாம். வெறும் குச்சி, நுனியில் உருண்டை.

"என்னடி, பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துச்சா?" என்றேன். முறைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பார்க்கப் பாவமாக இருந்ததால் பச்சைக் காகிதத்தில் இலை வெட்டி ஒட்டிவிட்டேன்.

வந்து பார்த்து அழுதுவிட்டாள். "அம்மா, உலகத்துல இலையே வராத காலத்துச் செடிம்மா இது."

அது எனக்கு எப்படித் தெரியும்? பிய்த்தால் களிமண்ணும் சேர்ந்து வருகிறது. விடிந்தால் அவள் கல்லூரிக்குப் போக மூணாறு ஜீப்பைப் பிடிக்க வேண்டும். பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். தேயிலை எஸ்டேட்டில் தினமும் கொழுந்து கிள்ளுகிறவள் நான். இந்த நாலு இலையைக் கிள்ளித் தருகிறேன் என்றால், "நீ தொட்டது போதும்மா" என்கிறாள். எரிச்சலாக இருக்கிறது. அவள் சுரண்டிப் போட்ட காகிதத்தைப் பொறுக்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.