அம்மாவுக்குப் பூசிய எண்ணெய்

1978 ஜூலை 12, புதன் இரவு

மூன்று வாரமாகப் படுத்த படுக்கையாக இருந்த அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்! அவசரத்தில் எழுத்துக் கோணல்மாணலாக வருகிறது.

மாலையில் பங்குச் சாமியார் மந்திரித்த எண்ணெயோடு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். கூப்பிட்டது நான்தான். அது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா வாசலிலேயே சாமியாரை மறித்துக்கொண்டார்.

"அவஸ்தை பூச வந்தீங்களா சாமி? இவ இன்னும் உசுரோடதான் இருக்கா!"

அவஸ்தை பூசுவது சாகப்போகிறவர்களுக்கு என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டே இருக்கமாட்டேன். குணமாக்கும் எண்ணெய் என்றுதான் நினைத்தேன்.

"இப்ப அதுக்குப் பேரு நோயில்பூசுதல். பொழைக்கணும்னும்தான் செபிப்போம்," என்றார் சாமியார்.

உள்ளேயிருந்து அம்மா சிரித்தார். "வரட்டும் விடுங்க. சாமி, முழங்காலுக்கும் கொஞ்சம் போடுங்க. கொழுந்து பறிக்க மலையேற அதுதான் வலிக்குது."

நெற்றியிலும் கைகளிலும் மட்டும்தான் பூசினார். அவர் போன பிறகுதான் அம்மா ரொட்டி கேட்டார்.

படுக்கும்போது என் காதில் சொன்னார்: "நீதான் கூப்பிட்டேன்னு தெரியும்டி. கொணமாக்கும்னு கேளு. கொணமாகாட்டி தாங்குற பலம் தாரும்னும் கேளு."

முதலாவதைப் பத்துத் தடவை கேட்டுவிட்டேன். இரண்டாவதைத் தொடங்கிவிட்டுப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். ஆண்டவரே, அதை அம்மாவே கேட்டுக்கொள்ளட்டும். நான் நாளைக்கும் முதலாவதைத்தான் கேட்பேன்.