ஸ்பாமில் கிடந்த பதினொன்று

அன்பு மகளுக்கு,

பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனதால் ஆபீஸில் வேறொன்று கொடுத்தார்கள். திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் வந்து அதைச் சரிசெய்தாள்; மெயிலையும் புதிதாக இணைத்தாள்.

"சார், ‘அப்பாவுக்கு’ன்னு பதினோரு மெயில் ஸ்பாம்ல, வேண்டாத மெயில் போற பெட்டியில, கெடக்கு. ஒண்ணுகூட தொறக்கலையே?" என்றாள்.

நீ எழுதவே இல்லை என்று மூன்று வருஷமாக வீட்டில் உன் பேச்சையே எடுக்கவிடாதவன் நான். அந்தப் பெண் எதிரிலேயே எல்லாவற்றையும் படித்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

பேத்தி நடக்கிறாளாமே!

மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. நாளைக்குச் சரியாகிவிடுமாம். உன் பழைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை. அதுவரை பொறுக்க முடியாமல் தபாலில் எழுதுகிறேன்.

"லெட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள நாமளே போயிடலாம்" என்று அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திற, கண்ணு.

உன் கல்யாணத்துக்கு வராத
அப்பா