ஐந்து மணிக்கு இறங்கும் நுரை

சலவைக்கடை,
திங்கட்கிழமை.

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், அப்பா நலம், உன் மீன் இரண்டும் நலம், உன் இறால் நர்ஸம்மாவும் நலம். நலமில்லாதது உன் மீன்தொட்டி ஸ்கிம்மர் ஒன்றுதான். போன வியாழக்கிழமையிலிருந்து கல்லை மென்று தின்கிற மாதிரி கரகரவென்று சத்தம் போடுகிறது. நுரையும் சரியாக வரவில்லை. கப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன் அழுக்குகூட இல்லை.

நீ கிளம்பும்போது சொல்லிக்கொடுத்ததை நான் ஒன்றும் மறக்கவில்லை. மிஷின் தண்ணீருக்குள் காற்றை அடிக்கும், பொடிப்பொடியாய்க் குமிழி வரும், தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத அழுக்கெல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேல் கப்பில் விழும். கப்பைக் கழுவுவது மட்டும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறவளுக்கு நுரையைப் பற்றி நீ பாடம் எடுத்ததுதான் வேடிக்கை.

சத்தம் கேட்டதும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வேலையில் லிப்ட் மோட்டாரை அப்படித்தானே கேட்பார். "பேரிங் போச்சு" என்று சொன்னார். அதை என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். பிறகு அதே சுவரிடம், "இந்த மாசக் கடைசிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா மீன் கடைக்காரனை வரச்சொல்லி தொட்டியோட தூக்கிக் குடுத்துடு" என்றார்.

பாப்பா, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் கட்டிலை மடித்துப் பரண் மேல் போட்டாயிற்று. புத்தகமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. இந்த வீட்டில் உன்னுடையது என்று உயிரோடு இருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நீ எதைப் பார்க்க இங்கே வருவாய் என்று எனக்கு பயமாக இருக்கிறது.

உன் அப்பா அன்றைக்குப் பேசியது தப்பு. தன் கம்பெனி ஆபீஸில் தானே நின்று வாங்கிக்கொடுத்த வேலையை உதறிவிட்டு, தீவில் போய்ப் பவளம் வளர்க்கிறேன் என்று நீ சொன்னதும் அவருக்குத் தலை கால் புரியவில்லை. "கடல்ல கல்லு நடறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? போறதுன்னா போ, இந்த வீட்டுக்கு போன் மட்டும் பண்ணாதே" என்றார். நீயும் அவர் மகள்தானே, அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாய். எட்டு மாதமாக என் கடைக்குத்தான் போன் செய்கிறாய். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான் ஒரு இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாகிக்கொண்டு கிடக்கிறேன்.

சரி, ஸ்கிம்மருக்கு வருகிறேன். சனிக்கிழமை மீன்கடைக்குப் போனேன். சமைக்கிற மீன் அல்ல, பார்க்கிற மீன் விற்கிறாரே, உன் கடைக்காரர், அவரிடம். மூன்று எடுத்து வைத்தார். ஒன்று தொட்டியின் முதுகில் தொங்குவது. தரையில் ஒழுகினாலும் ஒழுகும் என்று அவரே சொன்னார், அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டும் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள், நீ வைத்திருக்கிற சின்னத் தொட்டியில் உட்காருவது. ஒன்றின் பெட்டியில் ஆயிரம் லிட்டர் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் நானூறு. நம் தொட்டியோ இருநூற்றைம்பது. "பெரிசா எடுத்துட்டுப் போங்கம்மா, பின்னாடி கவலையே இருக்காது" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அழுக்கு எடுக்கிற விஷயத்தில் நான் என்றைக்குச் சிக்கனம் பார்த்தேன்?

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். ரெண்டு கைக்குட்டையைத் துவைக்க யாராவது பெரிய மெஷினை ஓட்டுவார்களா? தொட்டியில் இருப்பது ரெண்டு மீன், ஒரு இறால், கொஞ்சம் பவளம். அவ்வளவு பெரிய ஸ்கிம்மருக்குத் தீனி போதாமல் நுரை பாதியிலேயே நின்றுவிட்டால்? முடிவெடுக்க முடியாமல் இரண்டு நாள் ஓடிவிட்டது.

இன்று காலை என் கைப்பைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. லிப்ட் கம்பெனியின் பராமரிப்புச் சீட்டைப் பாதியாகக் கிழித்தது. அதில் இப்படி இருக்கிறது: "அலமாரி உள் உயரம் 19. கப்பைத் தூக்கி எடுக்க மேலே 3 வேணும். மிஷின் 16-க்கு மேல் கூடாது. டிசி மோட்டார், சத்தம் கம்மி." கையெழுத்து இல்லை. யார் எழுதினார்களோ, சாமிக்கே வெளிச்சம்! மீன்கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். பெரியது பதினெட்டு அங்குலமாம். வாங்கியிருந்தால் உள்ளே போயிருக்கும், கப்பை மட்டும் ஆயுசுக்கும் வெளியே எடுத்திருக்க முடியாது. நானூறு லிட்டர்க்காரன் பதினைந்தரை. அதையே வாங்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தூக்கிக் கொடுக்கப் போகிற தொட்டிக்கு இந்த மனுஷன் எதற்காக டேப் பிடித்து அளந்தார்?

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்.

அம்மா.


சலவைக்கடை,
புதன்கிழமை.

அன்புப் பாப்பாவுக்கு,

இரண்டு தபால் படகுக்குக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வெட்கத்தில்தான் எழுதவில்லை. இப்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

ஸ்கிம்மரை வாங்கி வந்தேன். கடையிலிருந்து வந்த எந்தப் பொருளையும் கழுவாமல் நான் வீட்டில் வைப்பேனா? நல்ல சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் உள்ளே வெளியே எல்லாம் தேய்த்து, பளபளவென்று துடைத்துத் தொட்டியில் இறக்கினேன். கடைக்காரர் வெறும் தண்ணீரில் அலசினால் போதும், சோப்பு கூடவே கூடாது என்று சொன்னது காதில் விழத்தான் செய்தது. இவருக்குக் கழுவத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசல் கால்மிதி வரைக்கும் நுரை. அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வெளேரென்று வருகிறது. உன் அப்பா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கையில் மாப்புடன் நடுவீட்டில் நிற்கிறார். ஸ்விட்சை அணைத்து, மிஷினைக் கழற்றி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டிருந்தார். "சோப்பு போட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். போட்டேன் என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாரேன், மாப்பைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் கையில எதைக் குடுத்தாலும் வெளுத்துடுவே, என்னையும் ஒருநாள் கொடியில காயப்போடு" என்றார். நீ போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

பயப்படாதே, யாரும் சாகவில்லை. உன் பச்சைப் பவளம், பொத்தான் பொத்தானாக இருக்குமே, அது மட்டும் இரண்டு நாள் மூடிக்கொண்டே கிடந்தது. மூன்று நாள் நாங்கள் இருவரும் உப்புத் தண்ணீர் கலக்கி, வாளி வாளியாக மாற்றினோம். அவர் தூக்கினார், நான் ஊற்றினேன். மூன்றாம் நாள் பச்சைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் குனிந்து எண்ணினார். முப்பத்தொன்று என்றார்.

அதற்குப் பிறகு மிஷின் ஒரு வாரம் சும்மா கிடந்தது. புதுசு அப்படித்தான், பழக நாளாகும் என்றார் கடைக்காரர். எட்டாம் நாள் காலையில் பார்த்தால் கப்பில் கெட்டியாக, டீ நிறத்தில், சகிக்க முடியாத நாற்றத்தோடு அழுக்கு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அன்றைக்கு ஏழு மணிக்கு நான் வீடு திரும்பியபோது நுரை மிஷினின் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் காலையில் உச்சியில் நிற்கிறது, சாயங்காலம் பாதாளத்தில் கிடக்கிறது. தினமும் இதே கூத்து. செவ்வாய்க்கிழமை மட்டும் இறங்கவில்லை. செவ்வாய் எனக்குக் கடை லீவு, நான் வீட்டில் இருந்தால் பயந்து ஒழுங்காக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ஓட்டை மிஷினைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் நிதானமாக, "தொட்டிக்குள்ள யாராவது கை விடறாங்களாம்மா? தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டா நுரை அடங்கிடும், திரும்ப ஏற சில மணி நேரம் ஆகும்" என்றார். எங்கள் வீட்டில் யாரும் கை விடுவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவோ அந்த இறாலைப் பூச்சி என்றுதான் சொல்லுவார், அவர் எங்கே கை விடப் போகிறார்?

போன வெள்ளிக்கிழமை கடையில் கரண்ட் போய்விட்டது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஐந்து மணி தாண்டியிருக்கும். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா தன் டூல் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். வலது கைச் சட்டை தோள் வரைக்கும் மடித்திருக்கிறது. கை தொட்டிக்குள். ஆடவில்லை, அசையவில்லை. நர்ஸம்மா அவர் விரல் மேல் ஏறி நின்று, ஒவ்வொரு நகமாகத் துழாவித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மீனின் உடம்பைத் துடைத்துவிடுகிற இறால் என்று சொல்லி நீதானே அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாய்.

அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார், பாப்பா. "இன்னிக்கு ஆஸ்பத்திரி லிப்ட் மூணாவது மாடியில நின்னுடுச்சு. கதவு சென்சார்ல ஒரு பஞ்சு. இவ்ளோதான். அதுக்குள்ள உள்ள இருந்த டாக்டர் என்னமா கத்தினார் தெரியுமா?" என்கிறார். நீ வேலை விட்டு வந்து இதே ஐந்து மணிக்கு, இதே மாதிரி கையை உள்ளே விட்டுக்கொண்டு, அவர் அன்றைக்குப் பார்த்த லிப்ட் கதையெல்லாம் கேட்பாயே, அதே கதைதான். கேட்கிற ஆள்தான் மாறிவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். முப்பது வருஷமாக அவர் நகத்தில் கிரீஸ் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை, என் சோப்புக்கே அது பணிந்ததில்லை. இப்போது அந்த நகங்கள் ஸ்கூல் பிள்ளை நகம் போல வெள்ளையாக இருக்கின்றன. தொட்டிக்குள் போக வேண்டும் என்று தினமும் உரசி உரசிக் கழுவியிருக்கிறார். நான் உள்ளே போகவில்லை. சத்தமில்லாமல் படியிறங்கி, ஏழு மணி வரைக்கும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதிர்வீட்டம்மா சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. சொன்னால் கையை வெளியே எடுத்துவிடுவார். தொட்டியைத் தூக்கிக் கொடுக்கிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை. மாசக் கடைசி வந்தது, போனது. நேற்று சுவரிடம், அந்தச் சின்ன மீன் இளைத்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. மாசத்து முதல் ஞாயிற்றுக்கிழமை தீவில் உனக்கு போன் முறை வருமே, ஐந்து நிமிஷம். இந்த முறை கடைக்குச் செய்யாதே. வீட்டுக்குச் செய், சரியாக ஐந்தே காலுக்கு. ஞாயிறு எனக்குக் கடையில் கூட்டம், அவர் தனியாக இருப்பார். பண்ணாதே என்று சொன்னவர்தான், தெரியும். அந்த வார்த்தையை அவர் எங்கே வைத்தார் என்று அவருக்கே இப்போது தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறார். மன்னிப்பு கேட்காதே, அவரையும் கேட்க வைக்காதே. "நுரை ஏம்பா அஞ்சு மணிக்கு இறங்குது?" என்று மட்டும் கேள். மிஷின் விஷயம் என்றால் அவர் பேசுவார்.

தொட்டிக்குப் பக்கத்து மேஜையில்தான் போன் இருக்கிறது. அதன் மேல் ஒரு துண்டு மடித்து வைத்துவிட்டு வருவேன். ஆனாலும் மணி அடித்த உடனே எடுக்க மாட்டார். முதலில் நர்ஸம்மாவைப் பத்திரமாகக் கல் மேல் இறக்கிவிட வேண்டும், பிறகு கையைத் துடைக்க வேண்டும். உன் அப்பா எதையும் அவசரமாகச் செய்யத் தெரியாதவர்.

எத்தனை தடவை அடித்தாலும் வைத்துவிடாதே, கண்ணு. அவர் கை ஈரமாக இருக்கும்.

அம்மா.